அப்பாவின் கேசட்டுகளிலிருந்து வன்தட்டுக்கு: ஓர் இசைச் சேகரிப்பைக் கட்டிய பதிவு

திருச்சி வீட்டைக் காலி செய்தபோது பரணிலிருந்து இறக்கிய டிரங்குப் பெட்டியில் 96 கேசட்டுகள் இருந்தன. அவற்றில் பாதிக்கு மேல், எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் அப்பா தெப்பக்குளம் பக்கத்தில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கியவை. மீதியில் கம்பெனி கேசட்டுகளும், வானொலியிலிருந்து வீட்டிலேயே பிடித்த கச்சேரிகளும், பாட்டி தாலாட்டுப் பாடிய ஒரு கேசட்டும், ஊர்த் தேர்த் திருவிழாவில் மாமா பதிந்த நாகஸ்வரமும் இருந்தன. அதே மாதத்தில்தான், ஐந்து ஆண்டுகளாக நான் பார்த்துப் பார்த்துச் சேர்த்திருந்த ஸ்ட்ரீமிங் பட்டியலில் 19 பாடல்கள் சாம்பல் நிறமாகி, தட்டினாலும் ஒலிக்காமல் போயின. உரிம ஒப்பந்தம் முடிந்தால் பாடல்கள் இப்படி மறைவது அந்தத் தொழிலில் வழக்கம்தான். ஆனால் அந்த 19-இல் 7 பாடல்கள் அப்பாவின் பட்டியல்களிலும் நீல மையில் இருந்ததைப் பார்த்தபோது, எனக்கென ஒரு சேகரிப்பை நானே கட்டிக்கொள்ள வேண்டும் என்று தீர்மானித்தேன். எட்டு மாதம் பிடித்த அந்த வேலையின் பதிவு இது.

என் கையிலிருந்த சரக்கு இவ்வளவு: 96 கேசட்டுகள், 71 குறுந்தகடுகள், கல்லூரிக் காலத்திலிருந்து இடம் மாறி இடம் மாறி வந்த ஒரு வன்தட்டில் ஏறத்தாழ 4,300 எம்பி3 கோப்புகள். கேசட்டைக் கணினியில் ஏற்றுவதற்குக் குறுக்குவழி கிடையாது. 90 நிமிடக் கேசட்டுக்கு 90 நிமிடம் ஓடித்தான் ஆக வேண்டும். எல்லாவற்றையும் ஏற்ற முனைந்திருந்தால் நூறு மணி நேரத்துக்கு மேல், கேசட்டை ஓட்டும் கருவியான டெக்கின் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும், பாதியிலேயே சலித்து விட்டிருப்பேன். அதனால் தரம், வடிவம் என்ற கேள்விகளை ஒத்திவைத்துவிட்டு, ‘இது மறுபடி எங்காவது கிடைக்குமா?’ என்ற ஒரே கேள்வியை வைத்துத் தரையில் மூன்று குவியல்கள் போட்டேன். வேறெங்கும் கிடைக்காதவை 23 கேசட்டுகள். குறுந்தகடாகவோ விலைக்கு வாங்கும் கோப்பாகவோ இதைவிட நல்ல ஒலியில் கிடைப்பவை 58. நாடா அறுந்து சிதைந்தவையும் இரட்டைப் பிரதிகளும் பூஞ்சை பிடித்தவையும் 15.

இரண்டாவது குவியலில்தான் நெடுநேரம் தயங்கினேன். ரெக்கார்டிங் சென்டர் கேசட்டில் இருக்கும் திரைப்பாடலின் ஒலி, இசைத்தட்டிலிருந்தோ வேறொரு கேசட்டிலிருந்தோ எடுத்த நகலின் ஒலி. அதைக் காட்டிலும் முறையாக வெளிவந்த குறுந்தகடு எவ்வளவோ மேல். ஆனால் எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்ற வரிசை அப்பா உட்கார்ந்து யோசித்துப் போட்டது, அது எந்தக் கடையிலும் கிடைக்காது. ஓர் அட்டையில் ‘பி பக்கம், 6-ஆவது பாட்டு பாதியில் நிற்கும், அடுத்த கேசட்டில் முதல் பாட்டாகப் போடச் சொல்ல வேண்டும்’ என்று எழுதியிருந்தார். அடுத்த கேசட்டை எடுத்துப் பார்த்தால் முதல் பாட்டு அதுவேதான். ஆகவே அந்த 58 கேசட்டுகளின் ஒலியை விட்டுவிட்டு வரிசையை மட்டும் எடுத்துக்கொள்வதென்று முடிவு செய்தேன். அட்டைகளை இருபுறமும் ஒளிவருடியில் படமெடுத்து வைத்தேன், பட்டியல்களைத் தட்டச்சு செய்தேன், பாடல்களைக் குறுந்தகட்டிலிருந்தோ வாங்கிய கோப்பிலிருந்தோ எடுத்து, ஒவ்வொரு கேசட்டையும் அதே வரிசையில் ஓடும் ஒரு பாடல் பட்டியல் கோப்பாகத் திரும்பக் கட்டினேன். எங்கும் கிடைக்காத 31 பாடல்களை மட்டும் கேசட்டிலிருந்தே பதிந்து இடையில் சேர்த்தேன். இந்தப் பாகுபாடு மட்டும் தோன்றியிராவிட்டால் வேலை முடிந்திருக்காது.

டெக்கைச் சரிசெய்வதில் மூன்று வாரம் போயிற்று. அப்பாவின் டெக்கில் ரப்பர் பெல்ட் இளகித் தார் போலக் கப்பியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பஞ்சாலும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலாலும் துடைத்தெடுக்கவே ஒரு மாலை ஆனது. புதுப் பெல்ட் போட்டு, நாடாவைப் படிக்கும் ஹெட்டையும், நாடாவை இழுத்து ஓட்டும் கேப்ஸ்டன் தண்டையும் பிஞ்ச் ரோலர் உருளையையும் துடைத்து ஓட விட்டபோது பாட்டு ஓடியது, ஆனால் குரல் கொஞ்சம் இளமையாக ஒலித்தது. வேகத்தைச் சோதிக்கத் தனி டேப் என்னிடம் இல்லை. கம்பெனி கேசட்டாகவும் குறுந்தகடாகவும் என்னிடம் இருந்த ஒரு பாட்டை எடுத்து, முதல் சுரத்திலிருந்து கடைசிச் சுரம் வரை இரண்டிலும் நேரம் பார்த்தேன். குறுந்தகட்டில் 272 விநாடி, கேசட்டில் 265 விநாடி. அதாவது டெக் 2.6 சதவீதம் வேகமாக ஓடுகிறது, சுருதி ஏறத்தாழ கால் கட்டை (கட்டை என்பது நம் இசையில் சுருதியின் அளவு) ஏறி நிற்கிறது. மோட்டாரின் பின்புறத் துளைக்குள் இருக்கும் சிறு திருகை மெல்லத் திருப்பி, மூன்று வெவ்வேறு கம்பெனி கேசட்டுகளில் ஒத்துப் பார்த்து, வித்தியாசம் அரை விநாடிக்குள் வந்ததும் விட்டுவிட்டேன். ஒரே கேசட்டை நம்பியிருக்கக் கூடாது; நகலெடுத்த இயந்திரமே வேகம் பிசகியிருக்கலாம்.

அடுத்தது ஹெட்டின் கோணம். அசிமத் என்று சொல்லப்படும் இந்தக் கோணம், பதிந்த டெக்கிலும் ஒலிக்கும் டெக்கிலும் ஒன்றாக இல்லாவிட்டால் மேல் சுரங்கள் மங்கி, போர்வைக்குள்ளிருந்து பாடுவது போல் கேட்கும். ரெக்கார்டிங் சென்டர் ஒரு கோணத்தில் பதிந்திருக்கும், வீட்டு டேப் ரிக்கார்டர் வேறொரு கோணத்தில் பதிந்திருக்கும். ஆகவே ஒவ்வொரு கேசட்டுக்கும் இரு ஒலித்தடங்களையும் ஒன்றாகக் கலந்து மோனோவாகக் கேட்டபடி, ஹெட்டின் ஓரத்துத் திருகைச் சிறு திருப்புளியால் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, ஜால்ராவின் கூர்மை எங்கே மிகுதியோ அங்கே நிறுத்தினேன். ஆரம்பத்தில் பதிந்த நான்கு கேசட்டுகளுக்கு இதைச் செய்யாமல் விட்டேன். பிறகு கேட்டபோது மனம் ஒப்பவில்லை, நான்கையும் மறுபடி பதிந்தேன்.

பாட்டியின் கேசட்டுதான் மிகவும் பயமுறுத்தியது. போட்டதும் ஒலி வந்து வந்து மறைந்தது. வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால், நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சிறிய பஞ்சுத் திண்டு, செம்புத் தகட்டிலிருந்து விழுந்து உள்ளே உருண்டுகொண்டிருந்தது. அந்தக் கூட்டில் திருகு இல்லை, ஓரங்கள் ஒட்டப்பட்டிருந்தன. மெல்லிய கத்தியை இணைப்பில் நுழைத்து, ஒவ்வொரு மூலையாக நெம்பித் திறந்தேன். ஐந்து திருகுகள் உள்ள ஒரு காலிக் கேசட்டைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, நாடா சுற்றிய இரண்டு சக்கரங்களையும் விரல் நுனியில் ஒரே நேரத்தில் தூக்கி இந்தக் கூட்டுக்குள் வைத்து, உருளைகளின் வழியாக நாடாவை வளைத்து மூடினேன். நாடாவின் அகலம் 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு மடிப்பு விழுந்தால் அந்த இடத்தில் ஒலி போய்விடும். தொடக்கத்து வெள்ளைப் பட்டையோடு நாடா சேரும் இடத்தில் யாரோ எப்போதோ செல்லோ டேப் ஒட்டியிருந்தார்கள். அதன் பசை கசிந்து அடுத்த சுற்றிலும் ஒட்டியிருந்ததால் அந்தத் துண்டை வெட்டியெடுத்து, இதற்கென்றே விற்கும் இணைப்பு டேப்பைப் பின்புறத்தில் ஒட்டினேன். ஒரு முறை முழுக்க முன்னே ஓட்டி, பின்னே ஓட்டிச் சுற்றுகளைத் தளர்த்திய பிறகே ஒலிக்க விட்டேன். 14 நிமிடம் பாட்டியின் குரல் இருக்கிறது. பின்னணியில் அப்போது குழந்தையாயிருந்த என் தங்கை அழுகிறாள், அம்மியில் யாரோ அரைக்கும் சத்தமும் கேட்கிறது.

பதியும் முறை எளிமையானதே. டெக்கின் லைன் அவுட்டிலிருந்து ஒரு யூஎஸ்பி ஒலிப் பெட்டி வழியாக மடிக்கணினிக்கு இழுத்து, 24 பிட், 48,000 ஹெர்ட்ஸ் அளவில், உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாதபடி பதிந்தேன். ஆரம்பத்தில் விடாத ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓடவிட்டதும் நின்றது. இரண்டு கருவிகளும் தனித்தனி எர்த்தில் இருப்பதால் வரும் சிக்கல் அது. இரைச்சல் நீக்கும் மென்பொருளை மூலப் பதிவில் நான் தொடவே இல்லை. டேப்பின் ‘உஸ்’ ஒலியை அது குறைக்கும்போது தம்பூராவின் ரீங்காரத்தையும் சேர்த்து அரித்துவிடுகிறது, ‘உஸ்’ஸுக்குக் காது ஐந்து நிமிடத்தில் பழகிவிடும். டேப் இரைச்சலைக் குறைக்கும் டால்பி பொத்தானும் அப்படித்தான்: டால்பியில் பதியாத கேசட்டுக்கு அதை அழுத்தினால் மேல் சுரங்கள் செத்துவிடும். அட்டையில் குறி இல்லாதவற்றுக்கு அணைத்தே வைத்தேன். 14 அறுபது நிமிடக் கேசட்டுகளும் 9 தொண்ணூறு நிமிடக் கேசட்டுகளும் சேர்ந்து இருபத்தேழரை மணி நேரம். மூலக் கோப்புகள் 28 ஜிபிக்குச் சற்று மேல், ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் வடிவத்துக்கு மாற்றியபின் 19 ஜிபி.

குறுந்தகடுகளில் வேலை வேகமாக நடந்தது, ஆனால் எச்சரிக்கை வேண்டியிருந்தது. வட்டமாகத் துடைக்காமல் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாக விழும் கீறல் தரவின் போக்கிலேயே ஓடுவதால் பிழைதிருத்த முறையால் அதைச் சமாளிக்க முடிவதில்லை. ஒவ்வொரு பகுதியையும் திரும்பத் திரும்பப் படித்து ஒப்பிடும் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி மென்பொருளைப் பயன்படுத்தினேன். மற்றவர்கள் அதே தட்டைப் படித்துப் பெற்ற விடையோடு நம் விடையை ஒப்பிடும் ஆக்யுரேட்ரிப் வசதி அதில் உண்டு. என்னிடமிருந்த மேல்நாட்டுத் தட்டுகள் எல்லாம் அதில் ஒத்துவந்தன, தமிழ்த் தட்டுகளில் பெரும்பாலானவை அந்தத் தரவுத்தளத்திலேயே இல்லை. அவற்றை இரண்டு வெவ்வேறு டிரைவ்களில் படித்து, இரண்டின் சரிபார்ப்பு எண்ணும் (தரவிலிருந்து கணக்கிடும் எண், தரவு மாறினால் இதுவும் மாறும்) ஒன்றானால் மட்டும் ஏற்றுக்கொண்டேன். அச்சிட்ட 63 தட்டுகளில் இரண்டில்தான் ஒவ்வொரு பாட்டு போயிற்று. வீட்டில் எரித்த 8 தட்டுகளில் ஐந்து படிக்கவே இல்லை. எரிக்கும் தட்டின் சாயப்பூச்சு வெயிலுக்குத் தாங்காது, நான் அவற்றை ஜன்னல் ஓரத்து அலமாரியில் வைத்திருந்தேன்.

இனி வடிவம். குறுந்தகட்டின் ஒலி 16 பிட், 44,100 ஹெர்ட்ஸ், இரு தடம். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 635 எம்பி. 320 கிலோபிட் எம்பி3-யில் அதே ஒரு மணி நேரம் 144 எம்பி. 128 கிலோபிட்டில் 58 எம்பி. காதுக்குக் கேட்காது என்று கணிக்கும் பகுதிகளை நீக்கியே எம்பி3 இந்தச் சுருக்கத்தை அடைகிறது, நீக்கியது திரும்ப வராது. 2001-இல் வெளிவந்த ஃபிளாக் எதையும் நீக்காமல், பெரும்பாலும் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குள் அடக்கித் தருகிறது. நண்பர்கள் ‘உன் காதுக்கு வித்தியாசம் தெரியுமா?’ என்று கேட்டதால், எது எதுவென்று எனக்கே தெரியாத வகையில் 20 முறை ஒப்பிட்டுச் சோதித்தேன். 192 கிலோபிட் எம்பி3-க்கும் மூலத்துக்கும் இடையே 11 முறைதான் சரியாகச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு பூவா தலையா போட்டாலும் அவ்வளவு வரும். 128 கிலோபிட்டில் மட்டும், அதுவும் தனி ஆவர்த்தனத்தில் கஞ்சிரா விழும் இடங்களில், அடிக்கு முன்பே ஒரு மெல்லிய கலங்கல் தெரிந்தது. அப்படியிருந்தும் ஃபிளாக்கையே தேர்ந்ததற்குக் காரணம் காது அல்ல. எம்பி3-ஐ மற்றொரு சுருக்க வடிவத்துக்கு மாற்றினால் இழப்பின் மேல் இழப்பு சேரும். ஃபிளாக்கிலிருந்து தொலைபேசிக்கு ஓபஸ் என்ற சுருக்க வடிவம், காருக்கு எம்பி3, நாளை வரும் வேறொன்று என எத்தனை முறை எடுத்தாலும் மூலம் அப்படியே இருக்கும். ராகம் தானம் பல்லவியை மூன்று தடங்களாகப் பிரித்திருக்கும் தட்டுகளில் இடைவெளி விழாமல் ஒலிப்பதும் ஃபிளாக்கில் இயல்பாகவே அமைகிறது. எம்பி3 கோப்பின் தலையிலும் வாலிலும் ஒரு துளி மௌனம் சேர்ந்துகொள்ளும், அதை நீக்கத் தெரிந்த இயக்கி, அதாவது பாட்டை ஒலிக்கும் மென்பொருள், வேண்டும். குறுந்தகடுகளும் கேசட்டுகளும் சேர்ந்தே 50 ஜிபிக்குள் அடங்கிவிட்டபோது, இடத்துக்காகத் தரத்தைக் குறைக்கும் காரணம் எனக்கு மிஞ்சவில்லை.

பழைய 4,300 எம்பி3 கோப்புகளை என்ன செய்வது என்பது தனிச் சிக்கல். அவற்றோடு ஃபிளாக் என்ற பெயரில் ஒருவர் கொடுத்த 140 பாடல்களும் இருந்தன. எந்தெந்த அதிர்வெண்ணில் ஒலி இருக்கிறது என்று காட்டும் அலைமாலைப் படத்தை அவற்றுக்குத் திறந்து பார்த்தால், 16,000 ஹெர்ட்ஸுக்கு மேலே கத்தியால் சீவியது போல் வெறுமை. 128 கிலோபிட் எம்பி3-ஐ ஊதிப் பெருக்கி ஃபிளாக் உறைக்குள் போட்டிருக்கிறார்கள் என்பதற்கு அது வலுவான அடையாளம். அந்த 140-ஐயும் நீக்கினேன். மற்றவற்றை மாற்றாமல் தனிக் கோப்புறையில் வைத்து, உண்மையில் நான் கேட்கும் பாடலை மட்டும் ஒவ்வொன்றாக விலைக்கு வாங்கியோ குறுந்தகடு தேடியோ மாற்றிவருகிறேன். எட்டு மாதத்தில் நான் தேடிப் போனவை 400-ஐத் தாண்டவில்லை. இத்தனை ஆண்டுகள் நான் சுமந்ததில் பத்தில் ஒரு பங்குகூட எனக்கு வேண்டியதாயிருக்கவில்லை என்பது இந்தச் சேகரிப்பைப் பற்றி நான் கற்றவற்றுள் முக்கியமானது.

எல்லாவற்றையும்விட நேரம் எடுத்தது பெயரிடுதல். கோப்புக்குள் எழுதும் விவரங்களை, அதாவது டேக்குகளை, ஆங்கில எழுத்தில் வைப்பதா தமிழில் வைப்பதா என்று முதலில் தடுமாறினேன். இணையத் தரவுத்தளங்கள் தரும் ஆங்கில எழுத்துப் பெயர்களில் இளையராஜா நான்கு விதமாக வந்தார். இயக்கியில் நான்கு இசையமைப்பாளர்களாக நின்றார். தமிழில் எழுதினால் தீரும் என்று நினைத்தேன், முழுதாகத் தீரவில்லை. பாலசுப்ரமணியம், பாலசுப்பிரமணியம், எஸ்.பி.பி. என்று தமிழிலும் மூன்று. முன்னெழுத்துக்குப் பின் இடைவெளி விட்டால் நான்கு. கரகரப்பிரியாவும் கரஹரப்ரியாவும், தோடியும் ஹனுமத்தோடியும் இப்படியே பிரிந்து நின்றன. கடைசியில் ஒரு தாளில் பாடகர்கள், இசையமைப்பாளர்கள், ராகங்கள், தாளங்கள் ஆகிய பெயர்களுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரே வடிவம் என்று எழுதி மேசைக்கு மேலே ஒட்டினேன். அதன் பிறகு தட்டச்சு செய்ததெல்லாம் அந்தத் தாளைப் பார்த்துத்தான்.

திரைப்பாடலில் ‘கலைஞர்’ என்ற இடத்தில் யாரை எழுதுவது என்பதும் தமிழ் கேட்பவருக்கே உரிய கேள்வி. மேல்நாட்டு முறையில் பாடியவர்தான் கலைஞர். நாமோ இசையமைப்பாளர் பெயரில் தேடுகிறோம், படத்தின் பெயரில் நினைவு வைக்கிறோம். நான் கண்ட வழி: கலைஞர் என்றால் பாடியவர், ஒவ்வொருவருக்கும் தனித்தனி டேக், தொகுப்புக் கலைஞர் இசையமைப்பாளர், பாடலாசிரியருக்குத் தனி இடம், தொகுப்பின் பெயர் படத்தின் பெயரும் ஆண்டும். இருவர் பாடிய பாட்டில் இருவர் பெயரையும் காற்புள்ளி போட்டு ஒரே டேக்கில் எழுதினால், ஒவ்வொரு ஜோடியும் புதிய ஒரு பாடகராகப் பட்டியலில் தோன்றும், பி. சுசீலாவைத் தேடினால் அவர் தனியாகப் பாடியவை மட்டுமே வரும். ஆண்டைப் பெயரோடு சேர்க்கக் காரணம், 1980-இல் வந்த பில்லாவும் 2007-இல் வந்த பில்லாவும் என் இயக்கியில் ஒரே படமாகக் கலந்து, எம். எஸ். விஸ்வநாதனுக்கும் யுவன் சங்கர் ராஜாவுக்கும் பாடல்கள் மாறி மாறி ஓடியதுதான். கர்நாடக இசைக்கு ராகம், தாளம், வாக்கேயக்காரர், வயலின், மிருதங்கம் என்று எனக்கான டேக்குகளை நானே உருவாக்கினேன். ஃபிளாக் அதற்குத் தடை சொல்வதில்லை. ஒரு மாலையில் ‘தோடி’ என்று மட்டும் தட்டி, நான்கு தலைமுறை வித்வான்களை அடுத்தடுத்துக் கேட்க முடிவதற்காக இத்தனை உழைப்பும் தகும்.

அந்தத் ‘தோடி’ முதலில் பாதிதான் கிடைத்தது. 22 பதிவுகள் இருக்க வேண்டிய இடத்தில் 9 மட்டும் வந்தன. மற்றவற்றின் பெயரும் திரையில் அச்சு அசலாகத் ‘தோடி’ என்றே தெரிந்தது. ஒருநாள் முழுக்கத் தேடிய பிறகு காரணம் விளங்கியது. எழுத்துகளுக்குக் கணினி தரும் குறியீட்டு முறையான யூனிகோடில் ‘ோ’ என்ற உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ‘ே’, ‘ா’ என்ற இரண்டு குறியீடுகளாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, தேடும் நிரலுக்கு வெவ்வேறு. சில கோப்புகள் ஒரு பழைய மேக் கணினியின் வட்டு வழியாக வந்திருந்தன, அந்தக் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்து வைக்கும் இயல்புடையது, நான் அந்தக் கோப்புப் பெயர்களிலிருந்தே டேக்குகளை உண்டாக்கியிருந்தேன். எல்லாவற்றையும் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றும் பத்து வரி நிரல் ஒன்றை எழுதி ஓட்டியதும் 22-உம் வந்தன. இன்னொரு சிக்கல் கோப்புப் பெயரின் நீளம். லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டுகளுக்குள் இருக்க வேண்டும். யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டு, மெய்ப்புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியீடுகள். ஆக 85 குறியீடுகள், அதாவது ஐம்பது எழுத்தைத் தாண்டினாலே ஆபத்து. பல்லவி வரி, ராகம், தாளம், பாடியவர் எல்லாவற்றையும் கோப்புப் பெயரில் அடுக்கியிருந்த 37 கோப்புகள் நகலாகாமல் நின்றன. இப்போது கோப்புப் பெயரில் எண்ணும் பாட்டின் முதற்சொற்களும் மட்டும், மற்றவை டேக்கில்.

காரின் ஒலிக்கருவிக்குத் தமிழ் எழுத்து தெரியாது, எல்லாம் கட்டம் கட்டமாகக் காட்டும். அதற்கெனப் பெயர்களை ஆங்கில எழுத்துக்கு மாற்றி, எம்பி3-யாக்கி, பென் டிரைவில் எழுதும் ஒரு தனி நிரல் வைத்திருக்கிறேன். அந்தக் கருவி அகர வரிசையைப் பார்க்காமல், கோப்புகள் எழுதப்பட்ட வரிசையிலேயே ஒலிப்பதால், அப்பாவின் பட்டியல் வரிசையில் ஒவ்வொன்றாக எழுதினால் அவர் கேசட் அப்படியே காரில் ஓடுகிறது.

காப்புப் பிரதி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஐந்தாம் மாதத்தில் பெரிய வன்தட்டுக்கு எல்லாவற்றையும் மாற்றினேன், எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. ஃபிளாக் கோப்பு ஒவ்வொன்றின் தலைப்பிலும் மூல ஒலியின் சரிபார்ப்பு எண் பொதிந்திருக்கிறது. ஒரு கட்டளை கொடுத்தால் கோப்பை விரித்துப் பார்த்து எண் ஒத்துவருகிறதா என்று சொல்லும். பழக்கத்துக்காக அதை ஓட்டியபோது 11 கோப்புகள் கெட்டிருந்தன. இணைப்புக் கேபிள் தளர்ந்திருந்தது காரணம். பழைய தட்டை இன்னும் அழிக்கவில்லை என்பதால் தப்பித்தேன். எம்பி3-யாக இருந்திருந்தால் என்றாவது ஒருநாள் பாட்டு நடுவே விக்கியபோதுதான் தெரிந்திருக்கும். இப்போது வீட்டில் இரண்டு தட்டுகள், கோவையில் தங்கை வீட்டில் ஒன்று. தீபாவளிக்குப் போகும்போது அதைப் புதுப்பிக்கிறேன். இந்தக் கோப்புகளை வெளியே பரப்புவதில்லை. நம் சட்டத்தில் ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கிறது. சொந்தக் கேசட்டைச் சொந்த உபயோகத்துக்கு மாற்றிக்கொள்வதும் பிறருக்கு விநியோகிப்பதும் ஒன்றல்ல.

கடைசியாக முடித்தது மாமாவின் தேர்த் திருவிழாக் கேசட். பேட்டரியில் ஓடும் சிறிய ரிக்கார்டரில் கூட்டத்துக்கு நடுவே பதிந்தது. சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரியில் தொடங்குகிறது, தவிலின் அடி ரிக்கார்டரின் தாங்குதிறனை மீறிச் சில இடங்களில் பிளந்து கேட்கிறது. பதிந்து முடித்துச் சுருதிப் பெட்டியோடு ஒத்துப் பார்த்தபோது குழப்பமாக இருந்தது. நீளமான வகையான பாரி நாகஸ்வரம் இரண்டு கட்டையிலோ இரண்டரைக் கட்டையிலோ அமைவது வழக்கம். இது ஏ பக்கத் தொடக்கத்தில் இரண்டரைக்குச் சற்று மேலே இருந்து, போகப் போக ஏறி, பி பக்கத்தில் பத்தாவது நிமிடத்தில் மூன்று கட்டையைத் தொட்டது. கூடவே சுருதி பிடிக்கும் குழலான ஒத்தும் சேர்ந்தே ஏறியதால் வாசித்தவர் காரணமல்ல, பதிந்த ரிக்கார்டர் மெல்ல மெல்ல வேகம் குறைந்திருக்கிறது. பதியும்போது வேகம் குறைந்தால், சரியான வேகத்தில் ஒலிக்கும்போது சுருதி ஏறும். எந்த இடத்தைச் சரியான சுருதி என்று கொள்வது என்பதுதான் தெரியவில்லை. பி பக்கம் 11-ஆவது நிமிடத்தில் ஒரு ‘டக்’ ஒலி, அதையடுத்து நாகஸ்வரம் சட்டென்று இறங்கி, இம்மியும் பிசகாமல் இரண்டரைக் கட்டையில் நின்று, கடைசி வரை அங்கேயே இருந்தது.

மாமாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு, “மாமா, அந்தத் தேர் கேசட்டுல நடுவுல நிறுத்தினீங்களா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “ஆமாப்பா, தேர் நிலைக்கு வர்றதுக்குள்ள கட்டை தீர்ந்துபோச்சு. ஓடிப்போய் நாலு கட்டை வாங்கிட்டு வந்து போட்டேன். முதல்ல போட்டதே டார்ச் லைட்டுல இருந்து உருவின பழசு” என்றார். அவர் கட்டை என்றது பேட்டரியை. புது பேட்டரி போட்ட பகுதியின் சுருதியையே அளவாக வைத்து, அதற்கு முந்திய நாற்பது நிமிடத்தையும் ஒத்தின் சுருதியைப் பிடித்துக்கொண்டு படிப்படியாக வேகம் குறைத்து ஒரு திருத்தப் பிரதி எடுத்தேன். திருத்தாத மூலமும் பக்கத்திலேயே இருக்கிறது. குறிப்பு டேக்கில், வாசித்த வித்வான்களின் பெயர்களை மாமா சொன்னபடி எழுதி, அதன் கீழே ‘பி பக்கம் 11-ஆவது நிமிடத்தில் பேட்டரி மாற்றம்’ என்று சேர்த்திருக்கிறேன்.